ஒற்றை அறையில் ஓர் ஒலிப்பதிவு நிலையம்

மும்பை நகரில் பாடத் தெரிந்த தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. மாதுங்காவில் பஜனை கோஷ்டிக்கு முன்நின்று பாடுகிறவர் பகலில் பாங்க் குமாஸ்தாவாக இருப்பார். தாராவியில் கோவில் கொடைக்கு வில்லடிப்பவர் வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் வியர்வை சிந்துகிறவராக இருப்பார். கார்த்திகை பிறந்துவிட்டால் செம்பூரிலும் முலுண்டிலும் ஐயப்பன் பாட்டுக்குக் குரல் கொடுக்க ஆட்கள் தாமாகவே முன்வருகிறார்கள்.

ஆனால் இந்தக் குரல்கள் எல்லாம் அந்தந்த இரவோடு காற்றில் கலந்து போய்விடுகின்றன. பதிவு செய்து வைக்க வேண்டுமென்றால் ஸ்டுடியோவை நாட வேண்டும். அங்கே மணிக்கணக்கில் வாடகை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடினால் நன்றாக வரும் பாட்டும் தடுமாறும். சம்பளத்தில் பாதியை ஊருக்கு மணியார்டராக அனுப்பிப் பழகிய குடும்பங்களுக்கு இந்தச் செலவு எட்டாத ஒன்றாகவே இருந்து வந்தது.

இந்த நிலையை மாற்றியிருக்கிறது ஒரு சின்னஞ்சிறு பெட்டி. ஆபீசுக்கு எடுத்துப் போகும் டிபன் டப்பாவைவிடப் பெரிதல்ல. இதன் பெயர் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கை இதில் செருகி, இதைக் கம்ப்யூட்டரில் செருகினால், குடியிருக்கும் அறையே ஒலிப்பதிவு நிலையம் ஆகிவிடுகிறது.

இது விளம்பரக்காரர்கள் சொல்லும் பாதி உண்மை. பணம் போட்டு வாங்கி வந்து, பதிவு செய்து கேட்டுப் பார்த்து, பாட்டைவிட மின்விசிறியின் சத்தம்தான் தெளிவாகக் கேட்கிறது என்று மனம் சோர்ந்து, பெட்டியைப் பரணில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் பரணுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், இந்தப் பெட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியின் வேலை என்ன?

மைக்கின் முன் ஒருவர் பேசும்போது அதிலிருந்து வெளிவரும் மின்சாரம் மிகச் சொற்பமானது. சாதாரண மேடை மைக்கில் அது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். இவ்வளவு மெல்லிய சமிக்ஞையை அப்படியே பதிவு செய்ய முடியாது. அதை ஏறக்குறைய 1,000 மடங்கு பெருக்கியாக வேண்டும். பெருக்கும்போது கூடவே இரைச்சலைச் சேர்த்துவிடவும் கூடாது. இதைச் செய்யும் பகுதிக்குப் ‘ப்ரீ-ஆம்ப்’ என்று பெயர். பெட்டியின் முகப்பில் உள்ள திருகு இதைத்தான் கட்டுப்படுத்துகிறது.

இரண்டாவது வேலை, பெருக்கிய மின்சாரத்தை எண்களாக மாற்றுவது. கம்ப்யூட்டருக்கு எண்களைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே இந்தப் பெட்டி ஒலி அலையை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிக் கொடுக்கிறது.

ஏன் இத்தனை தடவை? நல்ல காது உள்ள இளைஞர் ஒருவருக்குக் கேட்கக்கூடிய மிக உச்சமான ஒலி, வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள். ஓர் அதிர்வைத் தவறாமல் பிடிக்க அதைக் குறைந்தது இரண்டு தடவைக்கு மேல் அளந்தாக வேண்டும் என்பது கணிதம். 1982-ல் விற்பனைக்கு வந்த ‘சி.டி.’ தட்டிலும் இதே 44,100 கணக்குத்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தச் சிறு பெட்டி சி.டி.யையும் மிஞ்சி நிற்கிறது. சி.டி.யில் ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகத்தான் குறிக்க முடியும். ‘24 பிட்’ என்று சொல்லப்படும் இந்தப் பெட்டிகளில் படிகளின் எண்ணிக்கை 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். அதனால் மெல்லிய முணுமுணுப்பும் நசுங்காமல் பதிகிறது. ஒரு குரலை ஒரு மணி நேரம் இவ்விதம் பதிவு செய்தால் கம்ப்யூட்டரில் அரை ஜி.பி.க்குச் சற்றுக் குறைவான இடம்தான் பிடிக்கும்.

மூன்றாவது வேலை, இதற்கு நேர் எதிரானது. கம்ப்யூட்டரில் உள்ள எண்களை மறுபடியும் ஒலியாக்கி ஹெட்போனுக்கு அனுப்புவது. இந்த மூன்றையும் தவிர இந்தப் பெட்டிக்கு வேறு வித்தை தெரியாது. சுருதி சேராத குரலை இது சேர்த்து வைக்காது. அறையின் இரைச்சலை விரட்டாது.

ஐந்து வோல்ட்டிலிருந்து நாற்பத்தெட்டு

பெட்டியின் மேல் ‘48 வி’ என்று ஒரு பொத்தான் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சில வகை மைக்குகள் தாமாக இயங்கமாட்டா. அவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தர வேண்டும். ‘கண்டன்ஸர்’ மைக் என்பது அந்த ரகம். குரல் போகும் அதே கம்பி வழியாக 48 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்பும் முறையை ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி 1966-ல் நார்வே வானொலிக்காகக் கொண்டுவந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போவதால் இதற்கு ‘பேய் மின்சாரம்’ என்ற பொருளில் ‘ஃபான்டம் பவர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து வருவது 5 வோல்ட்தான். அதைப் பெட்டிக்குள் உள்ள சின்னஞ்சிறு மின்சுற்று 48 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கிறது. சுவரில் தனியாக ஒரு பிளக் தேவைப்படாத ரகசியம் இதுவே. ஒரே ஒரு பிளக் பாயின்டில் டி.வி., செல்போன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் முறை வைத்துக்கொள்ளும் அறைகளில் இது சின்ன விஷயமல்ல.

அறையில் தொடங்கிய கதை

வேடிக்கை என்னவென்றால், இந்திய இசைத்தட்டு வரலாறே ஓர் அறையில்தான் தொடங்கியது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்தபோது இங்கே ஸ்டுடியோ என்று ஒன்று கிடையாது. ஓட்டல் அறையைத்தான் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார்கள். புகழ்பெற்ற கோஹர் ஜான் பாடியது அங்கேதான். மைக்கும் இல்லை, மின்சாரமும் இல்லை. பெரிய புனலின் வாய்க்குள் முகத்தை நீட்டி உரக்கப் பாட வேண்டியிருந்தது. பதிந்ததைக் கப்பலேற்றி ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பித்தான் தட்டு அடித்து வந்தார்கள்.

அதன் பிறகு மைக்கும், பெருக்கியும், டேப் இயந்திரமும் வந்தன. ஒலிப்பதிவு என்பது பெரிய கட்டடங்களுக்குள் போய்விட்டது. சினிமாப் பாட்டென்றால் பாடகரும் ஐம்பது வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி, ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வெகு காலம் வழக்கமாயிருந்தது. 1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ ஸ்டுடியோவை அமைத்தார். 1992-ல் ‘ரோஜா’ வெளிவந்தபோது, வீட்டோடு அமைந்த ஸ்டுடியோவிலிருந்து என்ன வரமுடியும் என்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது. ஆயினும் அதற்கு வேண்டிய இயந்திரங்கள் சாமானியர் கைக்கு எட்டுபவையாக இல்லை.

விலை இறங்கியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, யு.எஸ்.பி. 1996-ல் வெளியான இந்த இணைப்பு முறையை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியப் பங்கு வகித்தவர் அஜய் பட். குஜராத்தைச் சேர்ந்த இவர் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதற்கு முன், கம்ப்யூட்டரில் நல்ல ஒலிப்பதிவு வேண்டுமென்றால் அதன் மூடியைக் கழற்றி உள்ளே தனி அட்டை பொருத்த வேண்டியிருந்தது. பின்னர் செருகினால் போதும் என்றாயிற்று. 2000-ல் வந்த இரண்டாவது பதிப்பு, வேகத்தை வினாடிக்கு 12 மெகாபிட்டிலிருந்து 480 மெகாபிட்டாக உயர்த்தியது.

மற்றொரு காரணம், பெரிய ஸ்டுடியோக்களுக்குச் சாமான் செய்தவர்களே சிறிய பெட்டிகளையும் செய்ய முன்வந்தது. இங்கிலாந்தின் ஃபோகஸ்ரைட் கம்பெனி இதற்கு நல்ல உதாரணம். ஒலிக் கருவிகளை வடிவமைப்பதில் மேதை எனப்பட்ட ரூபர்ட் நீவ் 1985-ல் இதைத் தொடங்கினார். பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டினின் ‘ஏர்’ ஸ்டுடியோவுக்காக இவர் அமைத்த ப்ரீ-ஆம்ப்தான் அதன் ஆரம்பப் பெருமை. பின்னர் கம்பெனி நொடித்தது. 1989-ல் ஃபில் டட்டரிட்ஜ் என்பவர் அதை எடுத்து நடத்தினார். அந்தக் கம்பெனி 2011-ல் ‘ஸ்கார்லெட் 2ஐ2’ என்ற சிவப்புப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு மைக்குகளுக்கு இடம். திருகைச் சுற்றி ஒரு விளக்கு வளையம். குரல் சரியான அளவில் இருந்தால் பச்சை. எல்லை மீறினால் சிவப்பு. படிக்காதவருக்கும் புரியும் பாஷை. 2016, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் திருத்திய வடிவங்கள் வந்தன. பெரிங்கர், எம்-ஆடியோ, ஸ்டைன்பெர்க் முதலிய கம்பெனிகளும் இதே போன்ற பெட்டிகளைத் தயாரித்துள்ளன.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. 2018-ல் வெளிவந்த ‘காலா’ படத்துக்காக இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், தாராவியின் ‘டோப்அடெலிக்ஸ்’ ராப் குழுவைப் பயன்படுத்திக்கொண்டார். பெரிய சங்கீத அரங்கு எதுவும் இல்லாத குறுகிய சந்துகளிலிருந்து ஒரு குரல் தமிழ் நாட்டுத் திரையரங்குகளை எட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

எதிரி யார்?

வீட்டு ஒலிப்பதிவில் முதல் எதிரி மலிவான பெட்டி அல்ல, அறைதான். கட்டிலும் பீரோவும் அடுப்பும் ஒன்றாக இருக்கும் பத்துக்குப் பத்து அறை. வெறும் சுவரில் பட்டுக் குரல் திரும்பி வந்து மைக்கில் விழும். அதனால்தான் குளியலறையில் பாடியது போல ஒரு வெறுமை கேட்கிறது. மின்விசிறி, பக்கத்து வீட்டு டி.வி., குக்கர் விசில், தண்ணீர் வரும் நேரத்துக் குடச் சத்தம், லோகல் ரயில் எல்லாம் கூடவே பதியும். மழைக் காலத்தில் தகரக் கூரை வீடுகளில் பதிவு என்ற பேச்சே வேண்டாம்.

இதற்கு முதல் மருந்து, சரியான மைக். கண்டன்ஸர் மைக் மிக நுட்பமானது. அமைதியான அறையில் அது அற்புதமாக வேலை செய்யும். சந்தடி மிக்க அறையில் அதே நுட்பம் பகையாகிவிடும். தெருவில் போகும் வடா-பாவ்காரர் குரலையும் அது விட்டுவைக்காது. மேடையில் பயன்படும் ‘டைனமிக்’ மைக் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட எளிய சாதனம். பக்கத்தில் உள்ள குரலைப் பிடித்து, தூரத்துச் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். இதற்கு 48 வோல்ட்டும் வேண்டாம். சால் வீடுகளுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் ஏற்றது இதுவே.

இரண்டாவது மருந்து, காசு செலவில்லாதது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரலின் பலம் இரண்டு மடங்காகிறது. மின்விசிறியின் சத்தம் முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. ஆகவே ஒரு முழத் தூரத்தில் நின்று பாடுவதைவிட ஒரு சாண் தூரத்தில் நின்று பாடுவது, ஆயிரக்கணக்கில் கொடுத்து வேறு பெட்டி வாங்குவதைவிட மேலான பலனைத் தரும்.

மூன்றாவது, துணி. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கனமான ரஜாய் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் எதிரொலி பெருமளவு அடங்கும். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் பக்கம் பார்த்துப் பாடுவதும் உண்டு. மின்விசிறியை ஒரு பாட்டு நேரம் நிறுத்தி வைக்க வேண்டியதுதான். லோகல் ரயில்கள் ஓடாத நேரம் நள்ளிரவு 1 மணிக்குப் பின் 4 மணிக்குள். ஆனால் அந்நேரம் உரக்கப் பாடினால் அண்டை வீட்டார் சும்மா இருக்கமாட்டார்கள். பகலில், வீட்டார் வெளியே போயிருக்கும் ஒரு மணி நேரத்தைத் தேடிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பதிவில் ‘உம்’ என்று அடித்தொனியில் ஓர் ஓசை ஓயாமல் கேட்டால், மடிக் கம்ப்யூட்டரின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எர்த் இணைப்புச் சரியில்லாத பழைய வயரிங்கில் இந்தத் தொல்லை சகஜம்.

பாட்டு முந்த, குரல் பிந்த

புதிதாகத் தொடங்குகிறவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொரு விஷயம், தாமதம். முதலில் ஆர்மோனியத்தைப் பதிந்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடும்போது, தம் குரல் ஒரு கணம் பிந்தி ஒலிப்பதாகத் தோன்றும். கம்ப்யூட்டர் எண்களை ஒவ்வொன்றாக வாங்காமல் கட்டுக் கட்டாக வாங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். கட்டுக்கு 256 எண்கள் என்றால் போவதற்கும் வருவதற்குமாக ஒரு வினாடியில் சுமார் ஆயிரத்தில் 12 பங்கு ஆகும். இது தவிலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாடுவதற்குச் சமம்; சமாளித்துக்கொள்ளலாம். கட்டுக்கு 1,024 என்றால் தாமதம் நாலு மடங்காகி, தாளம் கெட்டுவிடும்.

இதற்கு எளிய வழி, பெட்டியின் மேல் உள்ள ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற விசை. அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டரைச் சுற்றி வராமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். பதியும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கர் சத்தமும் மைக்கில் புகுந்து குழப்பும்.

திருகை முறுக்குவதிலும் நிதானம் வேண்டும். சத்தம் கூடுதலாக இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்தில் குரலின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். அதைப் பழையபடி முழுமையாக ஆக்க எந்த வித்தையாலும் முடியாது. 24 பிட் பதிவில் குறைவாக வைத்துப் பின்னர் கூட்டிக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

வாங்குமுன் யோசிக்க

முதல் கேள்வி: வாங்கத்தான் வேண்டுமா? ஊரிலுள்ள உறவினருக்கு வாழ்த்துப் பாட்டு அனுப்பவும், பாடிப் பழகவும் கையிலுள்ள செல்போனே போதும். திரும்பத் திரும்பக் கேட்கும்படியாக, பல குரல்களை அடுக்கிச் சேர்க்கும்படியாகப் பதிவு வேண்டும் என்றால்தான் இந்தப் பெட்டி தேவை.

இரண்டாவது: எத்தனை மைக்? ஒருவரே பாடுவதென்றால் ஒரு மைக்குக்கு இடமுள்ள பெட்டி போதும். ஒருவர் பாட, மற்றவர் ஆர்மோனியமோ மிருதங்கமோ வாசிக்க, இருவரையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிய வேண்டுமானால் இரண்டு இடம் கட்டாயம். வில்லுப்பாட்டுக் குழு போல ஐந்தாறு பேர் இருந்தால், இரண்டு மைக்குகளைக் கேட்பவரின் இரண்டு காதுகள்போல முன்னே வைத்துப் பதியலாம்.

மூன்றாவது: கணக்கு. கையிலுள்ள பணம் முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டால் மைக்குக்கும், அதன் தாங்கிக்கும், கேபிளுக்கும், காதை மூடும் ஹெட்போனுக்கும் காசிருக்காது. பெட்டி சுமாராகவும் மைக் நல்லதாகவும் இருப்பது மேல். பதிவுக்கான மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். 2000-ல் வெளியான ‘ஆடாசிட்டி’ இலவசமாகவே கிடைக்கிறது.

நான்காவது: ஏமாறக் கூடாது. சிரிப்பொலி, கைதட்டல், குரல் மாற்றும் பொத்தான்கள் எனப் பத்து வண்ண விளக்குகளோடு மலிவாக விற்கும் பெட்டிகள் வேடிக்கைக்கு உரியவை. பாட்டுப் பதிவுக்கு அவை ஏற்றவை அல்ல. அவற்றில் பல ‘48 வோல்ட்’ தருவதே இல்லை. செல்போனோடு இணைக்க விரும்புகிறவர்கள், போன் தரும் மின்சாரம் பெட்டிக்குப் போதுமா என்று கடையிலேயே செருகிப் பார்த்துவிட வேண்டும். பழைய பெட்டி கைமாறி வாங்கினால் கம்ப்யூட்டரோடு அது பேசுகிறதா, திருகைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்று சோதித்தே பணம் தர வேண்டும். இரண்டு மூன்று நண்பர்கள் பங்கு போட்டு ஒன்றை வாங்கி, ஞாயிறுக்கு ஒரு வீடாக வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

முதலில் யார் குரல்?

பெட்டி வாங்கியவுடன் இளைஞர்கள் தம் குரலைத்தான் முதலில் பதிவார்கள். அது இயல்பு. ஆனால் அவசரம் வேறிடத்தில் இருக்கிறது.

தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு பாட்டையும் கொண்டுவந்தார்கள். நாற்று நட்டபோது பாடியது, தொட்டிலில் பாடியது, கும்மியில் பாடியது, இழவு வீட்டில் மாரடித்துப் பாடியது, அந்தந்த ஊர்ச் சாமிக்கு வில்லில் பாடியது. இவற்றில் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் நினைவில்தான் இருக்கின்றன. பேரக் குழந்தைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும் சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது.

இந்த வேலைக்குக் கண்டன்ஸர் மைக்கோ ரஜாயோ இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஆச்சியை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, திருகைக் குறைத்து வைத்து, பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால் போதும். நடுவில் அவர் இருமினாலும், கதை சொல்லப் போய்விட்டாலும் நிறுத்தக் கூடாது. பாட்டு எந்த ஊரில், எந்தச் சமயத்தில், யாரிடம் கேட்டது என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, தேதியையும் சேர்த்துப் பதிந்துகொள்ள வேண்டும்.

பதிந்ததை ‘எம்.பி.3’ ஆகச் சுருக்கி மட்டும் வைத்தால் ஒலியின் ஒரு பகுதி போய்விடும். ‘வேவ்’ என்ற முழு வடிவில் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, ஊரிலோ வெளியூரிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் வைப்பது நல்லது. மழைத் தண்ணீர் புகும் வீடுகளில் ஒரே பிரதியை நம்பியிருப்பது ஆபத்து.

பெட்டி பழுதானால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இதைவிட நல்லது அடுத்த ஆண்டு வரவும் கூடும். எழுபதும் எண்பதும் கடந்த குரல்களுக்கு அந்த வசதி இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியை அரை மணி நேரம் நிறுத்தி வைக்க வீட்டார் சம்மதித்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.